வெட்டக் கூடாத மோதிரம்

மார்ச் 2, ஞாயிறு

இயற்பியலில் நெம்புகோல் பாடம் பாதி படித்தேன். மீதியைப் படிக்க முடியவில்லை. அவ்வளவு கோபம்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் வந்து, ‘அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, நீதான் ஊதிப் பெரிதாக்குகிறாய்’ என்று சொல்லக் கூடாது.

இன்று அக்காவுக்கு நிச்சயம். எங்கள் வீட்டு முன்னறையில். நாற்காலி போதாமல் என் படிக்கும் நாற்காலியும் போய்விட்டது. அதில் மாப்பிள்ளையின் அக்கா உட்கார்ந்தார். அவர் தையல் கடை வைத்திருக்கிறார். கைப்பையில் இஞ்ச் டேப்போடுதான் வந்திருந்தார். ஆனால் டேப் சும்மா பேருக்குத்தானாம். ஆளை ஒரு பார்வை பார்த்தால் அளவு சொல்லிவிடுவாராம். ‘என் கண்ணே டேப்பு’ என்று வந்ததிலிருந்து எத்தனை பேரிடம் சொன்னார்! இருபது வருடத்தில் ஒரு தையல்கூடப் பிரித்துத் தைத்ததில்லையாம்.

அக்காவுக்கான மோதிரத்தையும் அப்படிக் கண்ணால் அளந்துதான் செய்யக் கொடுத்திருக்கிறார்.

அக்கா வாலிபால் ஆடுகிறாள். வலைக்கு முன்னால் எம்பி நின்று எதிரணி அடிக்கிற பந்தைத் தடுப்பவள். பந்து பட்டுப் பட்டு அவளுடைய மோதிர விரலின் நடு மூட்டு வீங்கி, வீக்கம் வற்றிய பிறகும் எலும்பு தடித்தே நின்றுவிட்டது. விரலின் அடிப்பகுதி ஒல்லி. மூட்டு மட்டும் பருமன். கண்ணால் அளந்தவர் எதைப் பார்த்தாரோ!

மோதிரம் மூட்டில் வந்து நின்றுவிட்டது.

“நல்லா அழுத்துடா,” என்றார் மாப்பிள்ளையின் அக்கா, தம்பியிடம். மாப்பிள்ளை அழுத்தினார். “வலிக்குதா?” என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். உடனே இன்னும் அழுத்தினார். (இல்லை என்று தலையாட்டுகிற ஒருத்தியின் கண்ணைப் பார்க்கத் தெரியாதா?)

“நகரு, நான் போடுறேன்.” எழுந்து வந்துவிட்டார் டேப் அண்ணி. இனி அவரை இப்படித்தான் எழுதுவேன். சோப்பு கொண்டுவரச் சொன்னார். சோப்பு நுரையோடு திருகினார். தோல் உரிந்து நுரை இளஞ்சிவப்பானது. அப்போதும் விடவில்லை.

“பாத்ததும் என் விரல் அளவுன்னு தோணுச்சு, அதைத்தானேம்மா குடுத்தேன்? பொம்பளை விரல்னா அவ்ளோதானே இருக்கும்? இது என்ன, மூங்கில் கணுவாட்டம்!”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும். சிரிக்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்பதுபோல ஒரு சிரிப்பு. கடைசியில் மோதிரத்தைச் சுண்டு விரலில் மாட்டி, அந்தக் கையைப் பூச்செண்டுக்குப் பின்னால் மறைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

அவர்கள் போன பிறகு பார்த்தால், சுண்டு விரலிலும் கழலவில்லை. அக்கா அழவில்லை. “தையல் நூல் எடுத்துட்டு வா,” என்றாள். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மீதி நூலை மோதிரத்தை ஒட்டினாற்போல் தொடங்கி, மூட்டைத் தாண்டும்வரை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றினாள். பிறகு நான் பிடித்திருந்த முனையை வாங்கி மெல்லப் பிரித்தாள். மோதிரம் ஒவ்வொரு சுற்றாக நூல்மேல் ஏறி வந்து, சட்டென்று மேசையில் விழுந்தது. மைதானத்தில் பழகிய வித்தையாம்.

“யாருகிட்டடி கத்துக்கிட்ட?” என்று அம்மா கேட்டதற்கு, “விரல் வீங்குறவங்க எல்லாருக்கும் தெரியும்மா,” என்றாள்.

பழி வாங்குவேன். பென்சிலில் எழுதவில்லை, மையில் எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

டேப் அண்ணி போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“கல்யாணம் வரைக்கும் அந்தப் பந்தை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க. தினம் ஐஸ் வச்சுத் துணியால இறுக்கிக் கட்டினா வீக்கம் இறங்கிடும். விரலை மோதிரத்துக்கு ஏத்த மாதிரி ஆக்கிடலாம்.”

விரலை. மோதிரத்துக்கு. ஏத்த மாதிரி. ஒரு சட்டை சிறிதாகப் போனால் ஆளை வெட்டிச் சின்னதாக்குவாரோ?

அடுத்த மாதம் இருபதாம் தேதி அக்காவுக்குத் தேர்வு ஆட்டம். அணியில் எடுத்துவிட்டால் அந்த நிறுவனத்திலேயே வேலையும் கிடைக்கும். அதற்காக எத்தனை வருடமாக விடியற்காலையில் எழுந்து ஓடுகிறாள்! அம்மா, “ஒரு ரெண்டு மாசம்தானேடி. போற இடத்துல முதல்லயே முறைச்சுக்கணுமா?” என்றாள். அப்பா பேப்பர் படித்தார். நேற்றைய பேப்பர்.

அக்கா எழுந்து போனாள். ஷூவைத் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் வைத்தாள்.

மார்ச் 5, புதன்

சித்தி போனில், “கணு எப்படி இருக்கா?” என்றாள். ஆக, பெயர் வைத்தாயிற்று.

மார்ச் 8, சனி

நூலகம். உடலியல் புத்தகம் ஒன்றும், உலோக வேலை பற்றிய புத்தகம் ஒன்றும் எடுத்தேன். நூலகர், “நீ நகை செய்யப் போறியா, வைத்தியம் பாக்கப் போறியா?” என்று கேட்டார். பழி வாங்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. “ரெண்டும்தான் சார்,” என்றேன்.

வீட்டில் செம்புக் கம்பியால் வளையங்கள் செய்து பார்த்தேன். எனக்கும் அப்பாவின் கைதான். அக்கா அளவுக்கு இல்லாவிட்டாலும் மூட்டு பெரியது. மூட்டைத் தாண்டும் அளவுக்குப் பெரிய வளையம், தாண்டியதும் அடிவிரலில் கொடகொடவென்று சுற்றுகிறது. மோதிரத்தில் மேலே சிவப்புக் கல் இருக்கிறதே, அது உள்ளங்கைப் பக்கம் போய் முழித்துக்கொண்டிருக்கும். அடிவிரலுக்குச் சரியான வளையம் மூட்டைத் தாண்டாது. ஆக, ஒரு விரலுக்கு இரண்டு அளவு. வாசல் சின்னது, அறை பெரியது என்றால் நாற்காலியை எப்படி உள்ளே கொண்டுபோவது? மடக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

மடக்குகிற மோதிரம் உண்டா?

மார்ச் 9, ஞாயிறு

உண்டு! அம்மாவின் கையில்தான் இருந்தது, காப்பு! அதில் ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் கொக்கி. திறந்து, மணிக்கட்டில் வைத்து, மூடுவாள். பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன். இன்றுதான் கண்ணில் பட்டது.

அக்காவை இழுத்துக்கொண்டு, மோதிரம் செய்த நகைக்கடைக்கே போனேன். கடைக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி செருகிக்கொண்டு அக்காவின் விரலைப் பார்த்தார்.

“பெருசு பண்ணலாம். ஆனா சுத்தும். சுத்தாம இருக்க உள்பக்கம் ரெண்டு குண்டு வச்சு ஒட்டலாம். குட்டியா, கடுகு மாதிரி. அது அடிவிரலைப் பிடிச்சுக்கும்.”

“நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கழட்டணும் அண்ணே. மோதிரத்தோட உள்ள இறங்க விடமாட்டாங்க. குண்டு மூட்டுல உரசிக்கிட்டே இருக்குமே,” என்றாள் அக்கா. (ஆட்டம் என்றாள்! விட்டுவிடவில்லை!)

நான் காப்புக் கதையைச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கீலா? வைக்கலாம். நுணுக்கமான வேலை. ஆனா அதுக்கு இந்த மோதிரத்தை ரெண்டு இடத்துல வெட்டணும். ஆர்டர் குடுத்தவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

கேட்டார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கேட்க முடிந்தது.

“நிச்சய மோதிரத்தை வெட்டுறதா? யாருக்கு வந்துச்சு இந்த புத்தி? நான் குடுத்த அளவு தப்புன்னு ஊரெல்லாம் தெரியணுமா? கை வைக்கக் கூடாது சொல்லிட்டேன்!”

அவ்வளவுதான். அளவு தப்பு என்று தெரிந்துவிடக் கூடாது. அதற்காக அக்கா ஆடக் கூடாது. விஷயம் இவ்வளவு சின்னதுதான் என்று தெரிந்தபோதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

மார்ச் 12, புதன்

மாப்பிள்ளை வந்திருந்தார். அவரை மாமா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா தேநீர் போட உள்ளே போனதும் நேராகக் கேட்டேன்: “மாமா, மோதிரத்தை வெட்டலாம்னு நீங்க சொல்லக் கூடாதா?”

“எங்கக்கா சொன்னா சொன்னதுதான்மா. அம்மா போனதுக்கப்புறம் என்னை வளர்த்ததே அவதான். ஸ்கூல் சட்டைல இருந்து எல்லாம் அவ தைச்சதுதான்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “எண்ணெய் போட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

நல்ல மனிதர். அதுதான் தொந்தரவே. இவரைத் திட்டவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எதிரியின் கோட்டைக்குள் போய் வந்தேன். கல்யாணத்துக்கு எனக்குக் கவுன் தைக்க அம்மா கூட்டிப்போனாள்.

நீளமான ஒற்றை அறை. மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்க நூல்கண்டுகள். வெளிறியதிலிருந்து கருப்புவரை நிற வரிசைப்படி. நடுவில் வெட்டும் மேசை. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி எப்போதும் கொதிப்பு.

என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். “மார்பு முப்பது. தோள் பதிமூணரை. கை பதினாலு. எழுதிக்கங்கம்மா.” அம்மா எழுதினாள். நான், “டேப் வச்சுப் பாத்துடலாமே அண்ணி,” என்றேன், தேன் ஒழுகுகிற குரலில்.

“பாரேன்,” என்று டேப்பை என் மேலே வீசினார்.

அளந்தேன். முப்பது. பதிமூன்றரை. பதினாலு.

எனக்கு வந்த எரிச்சலை எழுத வார்த்தை இல்லை. எதிரி முட்டாளாக இருந்தால் எவ்வளவு வசதி! இவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். துணியால் மூடுகிற உடம்பு முழுவதும் அவர் கண்ணுக்கு அத்துப்படி. விரல் மட்டும் துணிக்கு வெளியே இருக்கிறது.

அம்மா துணி பார்க்க, நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்தாமல் இருக்க விரல் முனையில் இரும்புத் தொப்பி மாட்டியிருக்கிறார். நாங்கள் போன காலை வேளையில் அது இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன். மதியம் கிளம்பும்போது அதே தொப்பியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார்.

“என்னடி அகராதி, அப்படிப் பாக்குற?”

எப்போதும் புத்தகத்தோடு இருப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

“ஒண்ணுமில்ல அண்ணி. வேலையைப் பாத்து ஆச்சரியப்படுறேன்.”

உண்மையைத்தான் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

அக்கா விரலில் ஐஸ். துணிக்கட்டு. எட்டிப் பார்த்தால் விரல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது, மூட்டு அப்படியேதான் இருக்கிறது. எலும்பு ஐஸுக்குப் பயப்படுமா? என்ன நெனப்பு இவங்களுக்கு?

மார்ச் 23, ஞாயிறு

ஆய்வு முடிவு. ஒரே கம்பி வளையம் காலையில் என் விரலில் தானாக இறங்குகிறது. வெயிலில் அலைந்துவிட்டு, கையைத் தொங்கப்போட்டு நடந்து, சூடான தண்ணீரில் பாத்திரம் துலக்கிய பிறகு அழுத்தித்தான் போட முடிகிறது. இன்னொன்றும் கண்டேன்: மூட்டைத் தாண்டி உள்ளே போவது எளிது, வெளியே வருவதுதான் கடினம். இழுக்கும்போது அடிவிரல் தோல் மோதிரத்துக்கு முன்னால் திரண்டு, மூட்டை இன்னும் பெரிதாக்கிவிடுகிறது. அப்புறம் இழுக்க இழுக்க வீங்கும். வீங்க வீங்க இழுப்போம்.

அந்த மோதிரம் டேப் அண்ணியின் விரல் அளவு. காலை விரலின் அளவு. மதிய விரலுக்கு?

என் திட்டத்தை இங்கே எழுதவில்லை. அம்மா படித்தாலும் படிப்பாள்.

மார்ச் 29, சனி

வென்றேன். வென்றேன். வென்றேன்.

பள்ளி அரைநாள். மதிய வெயில் உச்சியில் இருக்கும்போது டேப் அண்ணி கடைக்குப் போனேன். மோதிரம் பையில். அவர் காலையிலிருந்து நின்றபடி இஸ்திரி போட்டிருக்கிறார், முகமெல்லாம் வேர்வை. இரண்டு பெண்கள் துணி வாங்கக் காத்திருந்தார்கள். பார்வையாளர்கள் இல்லாமல் பழி எதற்கு?

“வா அகராதி. உங்கக்கா விரல் இறங்குச்சா?”

“இல்ல அண்ணி. ஒரு சந்தேகம் கேக்கலாமா? இது உங்க விரல் அளவுதானா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“பாத்தா உங்க விரலுக்கே போகாது போல இருக்கே.”

காத்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். “சின்னப் பொண்ணு வம்புக்கு இழுக்குதேக்கா!”

“யார் விரலுக்குப் போகாது? குடு இப்படி.”

வாங்கினார். மூட்டில் கொஞ்சம் நின்றது. உதட்டைக் கடித்து ஒரு திருகு திருகினார். போய்விட்டது.

“பாத்தியா?” கையை நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினார். “பொம்பளை விரல்னா இப்படி இருக்கணும். என் கண்ணே டேப்பு.”

“சரிதான் அண்ணி. குடுங்க, நான் கிளம்பறேன்.”

இழுத்தார். வரவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தார். “வேர்வைல பிடிக்குது.” திரும்பி நின்று இழுத்தார். சிரித்தவள், “சோப்பு போடுங்கக்கா,” என்றாள். சோப்பு போட்டார். தையல் மெஷின் எண்ணெய் போட்டார். தோல் திரண்டு, மூட்டு சிவந்து, விரல் பளபளவென்று ஆனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று சுவர் நிறைய நூல்கண்டு. ஒரு முழ நூல் போதும். நான் வாயைத் திறக்கவில்லை.

துணி வாங்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு குரலைத் தாழ்த்தி, “ராத்திரி குளிர்ச்சில தானா வந்துடும். நாளைக்கு வந்து வாங்கிக்கோ. யார்கிட்டயும் சொல்லாத, என்ன?” என்றார்.

“சொல்ல மாட்டேன் அண்ணி,” என்றேன். இவ்வளவு மரியாதையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். கழலவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். அப்படி ஒரு பசி.

மார்ச் 31, திங்கள்

பள்ளி விட்டதும் நேரே கடைக்கு. விரலில் துணி சுற்றியிருந்தார். வாடிக்கையாளர்களிடம் இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று சொல்கிறாராம். துணியைப் பிரித்துக் காட்டினார். விரல் கத்தரிக்காய் நிறம்.

வெட்டும் மேசையில் ஒரு நீலத் துணி கிடந்தது. ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. கத்தரிக்கோலை அந்தக் கையால் மடக்கிப் பிடிக்க முடியாமல் இடது கையால் வெட்டியிருக்கிறார். நான் அதைப் பார்த்ததும் அவசரமாகச் சுருட்டி மேசைக்கு அடியில் திணித்தார்.

அப்போதாவது நூலைச் சொல்லியிருக்கலாமா? சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அக்கா கையின் இளஞ்சிவப்பு நுரை ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“நகைக்கடைக்குப் போயிடலாம் அண்ணி,” என்றேன்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியைச் செருகிப் பார்த்தார். “இதை வெட்டணும்.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. விரலை வெட்டலாம். எது வேணும்?”

டேப் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். “வெட்டித் தொலைங்க.”

இதற்காகத்தான் நான் கம்பி வளைத்தேன். இந்த இரண்டு சொல்லை அவர் வாயிலிருந்தே கேட்பதற்கு.

சின்னச் சக்கரம் வைத்த கருவி. விரலுக்கும் மோதிரத்துக்கும் நடுவே ஒரு தகட்டைச் செருகி அறுத்தார். ‘கிர்’ என்ற சத்தம். டேப் அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார், நான் விலகவில்லை. அது ஏன் என்று தெரியவில்லை. மோதிரம் விரிந்து கழன்றதும், விரலில் இருந்த பள்ளத்தை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: “ஒரு இடத்துல வெட்டியாச்சு. இன்னொரு இடத்துலயும் வெட்டிக் கீல் வச்சிடலாமே.”

கடைக்காரர் டேப் அண்ணியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

“வச்சிடுங்க. கீல் வெளிய தெரியக் கூடாது. மூடினா ஒரே வளையமா இருக்கணும். உள்ள குட்டியா குண்டும் வைங்க, கல்லு மேலயே நிக்கட்டும்.” பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு: “அந்தப் பொண்ணை நேர்ல வரச் சொல்லி அளவு எடுத்துக்குங்க.”

நேர்ல. அளவு. எடுத்துக்குங்க.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

“நூல் விஷயம் உனக்குத் தெரியுமேடி.”

“தெரியும்.”

“அவங்க கடைலயே இருந்துச்சே, அத்தனை நூல்.”

“இருந்துச்சு. அதான் அழகே.”

“அவங்க அந்தக் கையாலதான்டி பொழைக்கிறாங்க. நானும் கையாலதான் பொழைக்கப் போறேன்.” பிறகு, “எனக்காகப் பழி வாங்கினியா, உனக்காகவா?” என்றாள்.

இரண்டுக்கும்தான். சொல்லவில்லை. இன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஆனால் சாயங்காலம் ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. பரணிலிருந்து ஷூவை இறக்கினாள். உள்ளே திணித்த காகிதத்தை ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, என் தலைமேல் எறிந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மோதிரம் வந்துவிட்டது. டேப் அண்ணியே மாமாவோடு கொண்டுவந்தார். விரலில் இன்னும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு வரி.

திறக்கிறது. விரலின் அடியில் வைத்து மூடினால் ‘டிக்’. மூட்டைக் கேட்க வேண்டியதே இல்லை. மூடிய பிறகு கீல் எங்கே என்று நானே தேடினேன். அக்கா கையை உதறினாள், சுழற்றினாள். கல் மேலேயே நின்றது. மாமா நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “எண்ணெயே வேண்டாம்,” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அக்கா, “அண்ணி, இனிமே எந்த மோதிரம் மாட்டிக்கிட்டாலும் இப்படிப் பண்ணுங்க,” என்று ஒரு நூலை எடுத்து, தன் சுண்டு விரலில் சுற்றி, செய்தே காட்டிவிட்டாள்!

டேப் அண்ணி நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கவுனுக்கு அளவெடுத்த அதே பார்வை.

“இது இவளுக்குத் தெரியுமா?”

“நிச்சயத்தன்னிக்கே தெரியும் அண்ணி. நூல் பிடிச்சதே அவதான்.”

துரோகி! சொந்த அக்கா!

திட்டுவார் என்று காத்திருந்தேன். “ஓஹோ,” என்றார். அவ்வளவுதான். தேநீரை ஆற்றிக் குடித்தார்.

ஏப்ரல் 9, புதன்

அந்த ‘ஓஹோ’ பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

கவுன் வந்தது. தேர்வு ஆட்டத்துக்கே போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். டேப் அண்ணி பார்க்க வேண்டுமாம். நேரில் கொடுத்தபோது முகத்தில் பூரிப்பு. “இருபது வருஷத்துல ஒரு தையல் பிரிச்சதில்ல, ஞாபகம் வச்சுக்கோ.”

நின்றால் கச்சிதம். கண்ணாடியில் நான் இல்லை, வேறு யாரோ அழகான பெண். கையைத் தூக்கினேன்; அக்குளில் பிடித்தது. புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டுக்கு மேல் கை போகவில்லை.

“வளந்துட்டே போல,” என்றாள் அம்மா. ஒரு மாதத்தில், அக்குள் மட்டுமா வளரும்?

டேப் வைத்து அளந்தேன். மார்பு சரி. தோள் சரி. கை நீளம் சரி. இரண்டு அக்குள் சுற்றும் ஒரே அளவு குறைவு. நூலிழை வித்தியாசம்கூட இல்லை. தவறுதலாக நடந்தால் இவ்வளவு கச்சிதமாக நடக்காது.

கவுனை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தேன். மற்ற மடிப்புகளில் எல்லாம் ஓரத் துணி சுண்டு விரல் அகலம். அந்த இரண்டு இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு மடித்திருக்கிறார். தையலும் அங்கே மட்டும் பெரிய பெரிய ஓட்டம். ஊசி நுனியால் நெம்பினால் வந்துவிடும்.

பழிக்குப் பழி! பிரித்துத் தைக்கவும் என்னையே உட்கார வைத்துவிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எடுத்துவிட்டார்கள்! அக்காவை அணியில் எடுத்துவிட்டார்கள்!

வரிசைப்படி எழுதுகிறேன். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் எல்லார் கையையும் பார்த்தார். அக்கா கோட்டுக்கு ஓரமாக ஓடிவந்து, ‘டிக்’ என்று கழற்றி, முன்வரிசையில் இருந்த டேப் அண்ணியின் கையில் வைத்துவிட்டு ஓடினாள். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைத்து, கைப்பையைத் திறந்து, விரல் தொப்பிக்குள் போட்டு, தொப்பியைச் சுற்றி டேப்பைச் சுற்றி வைத்தார்.

அவர் இதுவரை அக்கா ஆடிப் பார்த்ததே இல்லை. முதல் பந்தை அக்கா தடுத்தபோது விழுந்த சத்தத்தில், “அம்மாடி!” என்று தன் விரலையே பிடித்துக்கொண்டார். கடைசிப் புள்ளிக்கு அக்கா எம்பி, இரண்டு கையாலும் சுவர்போல நின்று, பந்தை எதிரணி காலடியிலேயே அறைந்தாள். மைதானமே எழுந்து தலைக்கு மேல் கை தட்டியது. மாமா பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்.

நான் வயிற்றுக்கு நேரே நண்டு மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன்.

டேப் அண்ணி என் பக்கம் திரும்பாமலே, “என்னடி அகராதி, எங்கயாவது பிடிக்குதா?” என்றார்.

“இல்லையே அண்ணி. கச்சிதமா இருக்கு.”

“இருக்கும். என் கண்ணே டேப்பு.”

சிரிப்பை அடக்கியதில் அவர் உதடு துடித்தது. என் உதடும்தான். இரண்டு பேரும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா வந்தபோது மூட்டு புதிதாக வீங்கிச் சிவந்திருந்தது. டேப் அண்ணி டேப்பைப் பிரித்து, தொப்பியைக் கவிழ்த்து, மோதிரத்தை எடுத்தார். திறந்து, அந்த மூட்டைத் தொடாமல், அடிவிரலில் வைத்து மூடினார். டிக்.

“வலிக்குதா?” என்றார்.

“ஆமா அண்ணி,” என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “அக்குளெல்லாம் செவந்து கெடக்கே, குடு, அண்ணிகிட்டயே பிரிச்சுத் தரச் சொல்றேன்,” என்றாள். வேண்டாம் என்றேன். நானே ஊசி எடுத்து உட்கார்ந்து, பெரிய ஓட்டத் தையலை நெம்பி நெம்பிப் பிரித்தேன். பிறகு விட்ட துணியில் புதுத் தையல் போட்டேன். கோணல்தான். ஆனால் கை தூக்க முடிகிறது. கடைசித் தட்டுவரை.

பிரித்த நூலை எறியவில்லை. சின்னக் கண்டாகச் சுற்றிப் பேனாப் பெட்டியில் வைத்திருக்கிறேன். டேப் அண்ணியின் இடது கையில் அவருடைய சொந்த மோதிரம் ஒன்று இருக்கிறது. மைதானத்தில் வெயில் ஏற ஏற அவர் அதைத் திருகிக்கொண்டே இருந்ததைக் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

கேட்டால் தருவேன். கேட்கட்டும்.